ரோட்டை விட்டு இறங்காத வண்டி

செங்கோட்டுவேலின் புது வண்டி ரோட்டை விட்டு இறங்குகிற இடமெல்லாம் ரோடாகிவிடுகிறது என்பது யோகப்பிரியாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, பதினான்கு கேள்விகளில் ஒன்பதாவது கேள்வியில் தெரியவந்தது.

வண்டி வாங்கிய ஒவ்வொருவரையும் மூன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் போனில் கூப்பிட்டு, வண்டியைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, கேள்விக்குப் பத்து மார்க் வீதம் எழுதி, மூன்றையும் சேர்த்து ஒரே படிவமாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதுதான் சேலத்தில் இருந்த அந்த ஷோரூமில் அவளுக்கு வேலை. கூனமலை மேல் இருக்கும் மேலூத்து என்ற நாற்பது வீட்டு ஊரில் காலேஜ் முடித்த முதல் ஆள் அவள்தான். ஒரு சொல் தப்பாக எழுதிவிட்டால் படித்ததே பொய் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒவ்வொரு படிவத்தையும் மூன்று முறை படித்துப் பார்ப்பாள்.

“சீட் எப்படிங்க சார் இருக்குது?”

“ஊட்டு மெத்தை தோத்துரும் கண்ணு. பத்துப் போட்டுக்க.”

“ஏசிங்க?”

“வெயில்ல நின்னாலும் உள்ள மார்கழிதான். பத்து.”

“ரோடில்லாத எடத்துல வண்டி எப்படிங்க ஓடுது?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “அங்கதான் கண்ணு சிக்கலு. நேத்து ஏரிக்குள்ள எறக்குனேன். எறக்குனதும் அது ரோடாயிருச்சு.”

“எதுங்க சார்?”

“ஏரிதான். சக்கரம் போன எடம் பூராத் தார்ரோடு. நடுவுல வெள்ளைக்கோடு வேற.”

யோகப்பிரியா அதை அப்படியே எழுதிக்கொண்டு, பாட்டுப்பெட்டியின் சத்தம் எப்படி இருக்கிறது என்ற பத்தாவது கேள்விக்குப் போனாள்.

திருச்செங்கோட்டில் மூன்று ரிக் லாரிகள் வைத்துப் போர்வெல் போடுகிறவர் செங்கோட்டுவேல். பத்தொன்பது வயதில் துளைபோடும் லாரியோடு வடக்கே போய், பெயர் தெரியாத ஆற்று மணலிலும் நிலக்கரி மண்ணிலும் முள்காட்டிலும் இருபத்தெட்டு வருடம் வண்டியை இறக்கி ஏற்றி, இஞ்சின் சூட்டில் படுத்துத் தூங்கி, ரோடு என்பதையே மாதக்கணக்கில் பார்க்காமல் இருந்தவர். வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது: அப்போது முதுகு நோகப் போன அதே மாதிரி இடங்களுக்கு, இப்போது தோல் சீட்டில் சாய்ந்துகொண்டு, சில்லென்ற காற்றில், ஒரு தடவையாவது போய் வர வேண்டும். அதற்காகத்தான் மலையேறும், ஆறு கடக்கும், பாறை மேல் நிற்கும் என்று எல்லோரும் சொன்ன அந்தப் பெரிய வண்டியை வாங்கினார். அந்த வண்டிதான் இப்போது அவரை ரோட்டை விட்டு இறங்கவிடாமல் வைத்திருந்தது.

“அஞ்சாவது எலுமிச்சம்பழம் வச்சதுதான் காரணம்” என்றாள் அவர் மனைவி மரகதம், கேட்டவர்களிடமெல்லாம். பூஜை போட்ட அன்று நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வைத்து நசுக்கிய பிறகு, பின்கதவில் தொங்குகிற ஸ்டெப்னியும் சக்கரம்தானே, அதற்கு மட்டும் வைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதா என்று செங்கோட்டுவேல் ஐந்தாவது பழத்தை அதற்கடியில் நூலால் கட்டிவிட்டார்; தரையில் படாத சக்கரத்தின் பழம் எப்படி நசுங்கும்? ஊரில் பாதிப் பேர் மரகதம் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள், பாதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு பாதியும் காரணத்தைப் பேசிக்கொண்டு நிற்கவில்லை, ரோட்டைப் பயன்படுத்தப் போய்விட்டார்கள்.

ஏரிக்குள் விழுந்த ரோட்டில் முதல் நாள் ஜனங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் மக்காச்சோளம் காயப்போட்டார்கள், மூன்றாம் நாள் ஒரு பெண் அதன் ஓரத்தில் டீக்கடை போட்டாள், ஐந்தாம் நாள் அக்கரைக்காரர்கள் இக்கரையில் பெண் பார்க்க வந்தார்கள், ஒரு வாரத்துக்குள் ஓட்டுநர் பயிற்சி வண்டி ஒன்று எல் பலகையோடு அதில் ஊர்ந்தது. அளந்து பார்க்க வந்த அதிகாரி நீளமும் அகலமும் குறித்து, எந்தக் கோப்பிலும் அதைக் காணாமல், ‘ஏற்கெனவே உள்ளது’ என்று எழுதிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின. கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தட்டோடு வந்து, தடமில்லாத பக்கமாக எங்கள் தோட்டத்துக்கு ஒருநடை, எங்கள் கோயிலுக்கு ஒருநடை, எங்கள் சுடுகாட்டுக்கு ஒருநடை வண்டி வர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பதினாறு வருடமாக ஒரு வரப்புக்கு அடித்துக்கொண்ட மாமனும் மச்சானும் வந்து கூப்பிட, வண்டி அந்த வரப்பின் மேலேயே போய்வர, சண்டைக்கு இருந்த மண் ரோட்டுக்கடியில் போனதால் இருவரும் பேச ஒன்றுமில்லாமல் சம்பந்தம் பேசினார்கள். செங்கோட்டுவேல் யாருக்கும் மறுப்புச் சொல்லத் தெரியாதவர். வண்டியில் ஏறும்போது ஆசையோடு ஏறுவார், இறங்கும்போது தன் சக்கரங்களுக்குப் பின்னால் மினுமினுக்கும் கறுப்பைப் பார்த்துத் தலையில் கைவைப்பார்.

“கவர்மெண்டு காண்ட்ராக்ட் எடுத்து ரோடு போட்டிருந்தா நாலு பேரு மதிச்சிருப்பாங்க” என்றாள் மரகதம். “இவரு சொந்தக்காசுல காரு வாங்கிப் போடறாரு.”

அதே வண்டி வைத்திருந்த மற்றப் பதினோரு பேரும் ஞாயிறுதோறும் ஒன்றாகச் சேர்ந்து கரடுமுரடான இடமாகத் தேடிப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்த வண்டி ஒரு கொடுமையாக இருந்தது. செங்கோட்டுவேல் முன்னால் போனால் பின்னால் வரும் பதினோரு வண்டிக்கும் வழுவழு ரோடு. “ஏனுங்க, குலுங்கறதுக்குத்தானே இத்தனை செலவு பண்ணி வாங்குனோம்? குலுங்காம ஊட்டுக்குப் போனா எனக்கு அன்னைக்கிச் சோறு எறங்கமாட்டேங்குது” என்றார் நாமக்கல் டாக்டர் ஒருவர். செங்கோட்டுவேலைக் கடைசியாக வரச் சொன்னார்கள். கடைசியாக வந்தார், முன்னால் போகிறவர்கள் கிளப்பிய புழுதியைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு, கல்யாண ஊர்வலம் போல ஆடாமல் அசையாமல் வந்தார்.

இதையெல்லாம் பதினைந்தாம் நாள் போனில் அவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல யோகப்பிரியா எழுதிக்கொண்டே வந்தாள். சுடுகாட்டுக்கு ரோடு விழுந்த கதையில் அவள் பேனா நின்றது.

மேலூத்துக்கு ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் பாறையும் ஓடையும் வேருமாக ஏறுகிற ஒரு தடம்தான். உப்பு முதல் மண்ணெண்ணெய் வரை தலையில் ஏறும். நடக்க முடியாதவர்களைப் போர்வையில் தூளி கட்டி இறக்குவார்கள். பத்தாம் வகுப்பு வரை அந்தத் தடத்தில் போய்வந்த அவளுடைய முழங்காலில் இன்றும் இரண்டு தழும்புகள். மூங்கில் கழியில் தூளி கட்டி இறக்கும்போது ஓடைக்கருகிலேயே கண்மூடிய அவளுடைய அப்பாவின் முகம் அந்தத் தொலைபேசிக்கு முன்னால் வந்து நின்றது. இந்த வண்டி ஒரே ஒருமுறை அங்கே ஏறினால் போதும்.

ஆனால் கேட்க முடியாது. கருத்துக் கேட்கிறவர்கள் வண்டி வாங்கியவர்களிடம் தங்களுக்கென்று எந்த உதவியும் கேட்கக் கூடாது என்ற தாளில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். மற்றவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை அவள் மூன்று முறை படித்துவிட்டுப் போட்டிருந்தாள்.

முப்பதாம் நாள் வந்தது.

“ஒன்பதாவது கேள்விக்கு எத்தனை மார்க்குங்க சார்?”

“சைபர் போடு கண்ணு. வண்டி தங்கமான வண்டி. ஆனா நான் இன்னும் ரோடில்லாத எடத்துக்குப் போகவே இல்லியே.”

கிளை மேலாளர் ஜெகதீசன் அவள் மேசைக்கே வந்து நின்றார். “யோகா, சைபரெல்லாம் போடாதம்மா. பத்துன்னு போட்டுடு. ஒரு சைபர் போனாப் போதும், வண்டியத் திருப்பி எடுத்துட்டு வேற குடுத்துருவாங்க. நம்ம கிளை பேரே கெட்டுரும். நீ பத்துப் போட்டா யாருக்கு என்ன நஷ்டம்?”

அதுதான் அவளை உலுக்கியது. யாருக்கும் நஷ்டமில்லை. பத்துப் போட்டால் வண்டி இங்கேயே இருக்கும். இன்றில்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து, இந்த வேலையை விட்ட பிறகு, போய்க் கேட்கலாம். பூஜ்யம் போட்டால் வண்டி போய்விடும், மேலூத்துக்கு வரவேண்டிய ரோடும் அதோடு போய்விடும். படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, வேறு ஒருவர் சொன்னதை மாற்றி எழுதுவதற்கு நான் எதற்கு என்று நினைத்து, பூஜ்யத்தைப் போட்டாள். குறிப்பு என்ற இடத்தில் ‘வண்டி செல்லும் இடமெல்லாம் சாலை ஆகிவிடுகிறது’ என்று எழுதி, மூன்று முறை படித்து, அனுப்பினாள்.

டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். சரியாக இருக்கிறது என்றதும், வியாழக்கிழமை காலை லாரி வரும், வண்டியை ஏற்றிக்கொண்டு அதே நிறத்தில் வேறு வண்டி தரும் என்று எழுதினார்கள்.

புதன்கிழமை யோகப்பிரியா லீவு போட்டாள். படிவம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அவள் அவரிடம் கருத்துக் கேட்கிற பெண் இல்லை. அதை வழி முழுக்கப் பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஏழரை மணிக்குத் திருச்செங்கோட்டில் அந்த வீட்டுக் கேட்டின் முன் நின்றாள். செங்கோட்டுவேலுக்கு அவள் குரல்தான் தெரியும். ஆளைப் பார்த்ததும் ‘உள்ளே வா கண்ணு’ என்றார். அவள் உட்காராமல், மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

“நீங்க சொன்ன சைபரை நான் அப்படியே எழுதிட்டேங்க சார். வண்டி நாளைக்குப் போயிரும். போறதுக்குள்ள எங்க ஊருக்கு ஒருதடவை வரமுடியுங்களா? முடியாதுன்னாலும் பரவாயில்லைங்க. நான் எழுதினதுல எந்த மாத்தமும் இல்லைங்க.”

செங்கோட்டுவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்தார். “ஏம்மிணி, இத ஒரு மாசத்துக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன?”

“அப்ப கேக்கக்கூடாதுங்க சார்.”

“கேட்டியா மரகதம்? கேக்கக்கூடாதாம்! ஊரே தேங்காத்தட்டோட வந்து நிக்குது, இந்தப் புள்ள ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுச் சும்மா இருந்திருக்குது!”

“எந்திரிங்க, எந்திரிங்க” என்று மரகதம் முந்தானையை இழுத்துச் செருகினாள். “வண்டி போறதுக்குள்ள நானும் ஒரு மலை ஏறிப் பாத்துக்கறேன்.”

பத்து மணிக்கு அடிவாரம். யோகப்பிரியா முன்சீட்டில் உட்கார்ந்து தடத்தைக் காட்ட, வண்டி முதல் பாறையில் முன்காலைத் தூக்கி வைத்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, தொப்பென்று அடுத்த பள்ளத்தில் விழுந்தது. மூன்று பேரின் தலையும் ஒரே நேரத்தில் ஆடியது. செங்கோட்டுவேல் திரும்பி மனைவியைப் பார்த்தார். மரகதம் கணவரைப் பார்த்தாள்.

“குலுங்குச்சு!” என்றார் அவர்.

வேர் தாண்டியது, குலுங்கியது. ஓடைக்குள் இறங்கியது, கதவு வரைக்கும் தண்ணீர் அடித்தது. சேறு கண்ணாடியில் தெறித்தது. வழுக்குப் பாறையில் சக்கரம் சுற்றி, புகைந்து, பிடித்து, ஏறியது. இருபத்தெட்டு வருடத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சிரிப்பதுபோல அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்சீட்டில் மரகதம் ஒரு கையால் மேல்பிடியையும் ஒரு கையால் தாலியையும் பிடித்துக்கொண்டு, “இன்னொருக்கா, இன்னொருக்கா” என்று கத்தினாள்.

யோகப்பிரியா மட்டும் பின்கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் பாறை பாறையாகவே இருந்தது, ஓடை ஓடையாகவே இருந்தது. ஒரு சாண் கறுப்புகூட இல்லை. எல்லோருக்கும் ரோடு போட்ட வண்டி தன் ஊருக்கு மட்டும் போடவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? கண்ணில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் அத்தனை சந்தோஷமாக ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாதென்று ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மேலூத்தில் நாற்பது வீடும் வெளியே நின்றது. நடந்ததை அவள் சொன்னாள், ஒன்றும் மறைக்காமல். கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய அண்ணி செவந்தி, இடுப்பில் இருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.

“ஏன் யோகா, நீ காலேஜுல என்னத்தப் படிச்ச? இந்த வண்டி ரோடில்லாத எடத்துல போனாத்தானே ரோடு போடும்?”

“ஆமா அண்ணி.”

“நீ எதுல கூட்டியாந்த?”

“நம்ம தடத்துல.”

“நாம நாப்பது வீடும் தெனமும் போய்வர்றதுல கூட்டியாந்தா, அது இதையும் ரோடுன்னுதான் நெனச்சுக்கும். கவர்மெண்டுக்கு இது ரோடில்ல, வண்டிக்கு ரோடு. அது மேல தப்பில்ல. எறங்குறப்ப எவனும் போகாத பக்கமா எறக்கச் சொல்லு.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிழக்குச் சரிவு என்றார்கள். உண்ணிமுள்ளும் கற்றாழையுமாக ஆடுகூட நுழையாத சரிவு அது. நேராக இறக்கினால் நேரான ரோடுதான் விழும், அதில் பஸ் ஏறாது, வளைத்து வளைத்து இறக்க வேண்டும் என்றாள் செவந்தி. உடனே அரிவாளும் கயிறுமாக நாற்பது வீடும் சரிவில் பரவியது. இந்தப் பலாமரம் நிற்கட்டும், இந்த மிளகுக்கொடி நிற்கட்டும், சாமிக்கல்லுக்கு இந்தப் பக்கமாகத் திரும்பட்டும் என்று பேசிப் பேசி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிவப்புச் சேலைத் துண்டைக் கழியில் கட்டி நட்டார்கள். பதினேழு திருப்பம். பதினேழாவது கழி நட்டு முடியும்போது மணி மூன்று.

செங்கோட்டுவேல் சரிவின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். “ரிக் லாரிய இதவிட மோசமான எடத்துல எறக்கியிருக்கேன். ஆனா அப்ப எனக்கு வயசு இருபது.” மனைவியைப் பார்த்தார். “நீ எறங்கிக்க மரகதம்.”

“நீங்க எறங்கி எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க, நான் எறக்கறேன்” என்றாள் அவள் பெல்ட்டை மாட்டியபடி.

“நீயாவது எறங்கு கண்ணு.”

“கேட்டது நாந்தானுங்க சார்” என்று யோகப்பிரியாவும் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். மூன்றாவது தடவைதான் மாட்டியது.

வண்டி விளிம்பில் முன்சக்கரத்தை எட்டி வைத்தது. கண்ணாடிக்கு வெளியே வானம் போய் முள்செடி வந்தது. மூன்று பேரும் பெல்ட்டில் தொங்கினார்கள். ஒரு முழம் சறுக்கியது, இரண்டு முழம் சறுக்கியது, யோகப்பிரியா கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் குலுக்கல் நின்றுபோனது. திறந்து பார்த்தாள். முன்சக்கரத்துக்கு அடியில் மண், பால் திரைவதுபோலச் சத்தமில்லாமல் திரண்டு, கறுத்து, சமமாகி, அகன்று, சிவப்புத் துணி ஆடுகிற முதல் கழியை நோக்கி வளைந்தது.

பின்னால் ஊரே கத்தியது. கத்திக்கொண்டே இறங்கி வந்தது. பெண்கள், ஆண்கள், கைக்குழந்தைகள், கோழியைப் பிடித்திருந்தவர்கள், அரிவாளைக் கீழே போட மறந்தவர்கள் எல்லோரும் இன்னும் சூடு ஆறாத ரோட்டில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். இதுவரை வண்டி போட்ட ரோடு எதுவும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டாததால் யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு விஷயம் நான்காவது திருப்பத்தில் தெரிந்தது: ரோட்டோரத்தில் தரையைத் தள்ளிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் கல் முளைத்தது, மேலே மஞ்சள், கீழே வெள்ளை, அதில் கறுப்பு எழுத்தில் ‘மேலூத்து 1’. யோகப்பிரியா அதைப் படித்தாள். வழக்கம்போல மூன்று முறை படித்தாள். ஒரு பிழையும் இல்லை.

அடிவாரத்துக் கல்லில் ‘மேலூத்து 9’ என்று இருந்தது. செங்கோட்டுவேல் வண்டியை நிறுத்தி, முகத்தைத் துடைத்து, ஏறும்போது குலுங்கிய குலுக்கலை நினைத்து ஒருமுறை, இறங்கி வந்த ரோட்டைப் பார்த்து ஒருமுறை சிரித்தார். மறுநாள் லாரி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே போனதோ, எந்த ஊருக்கு என்ன செய்கிறதோ தெரியவில்லை.

அதற்கு மூன்றாம் ஞாயிறு, மலைமேல் போகிற ஒரு டெம்போவின் பின்பகுதியில் யோகப்பிரியா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது போன் அடித்தது.

“கண்ணு! மாட்டிக்கிச்சு!” செங்கோட்டுவேலின் குரல் துள்ளியது. “புது வண்டி! நாலு சக்கரமும் சேத்துல! சுத்துது, நகரமாட்டேங்குது! டாக்டரு பின்னாடி நின்னு தள்றாரு, மூஞ்சி பூராச் சேறு!”

“என்ற செருப்பும் போச்சு!” என்று பின்னால் மரகதத்தின் குரல், அதற்கு மேல் பத்துப் பேரின் சிரிப்பு.

“அய்யோ, டிராக்டருக்குச் சொல்லட்டுங்களா சார்?”

“வேண்டாம், வேண்டாம்! இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும். அங்கென்ன கண்ணு அத்தனை சத்தம்?”

“பீரோ வருதுங்க சார்” என்று அவள் காற்றுக்கு மேலாகக் கத்தினாள். “எங்க அண்ணியோட கல்யாணப் பீரோ. தலைச்சுமையா ஏத்த முடியாம ஒம்பது வருசமா அடிவாரத்துல சொந்தக்காரங்க மாட்டுக்கொட்டாயில நின்னுச்சுங்க. இப்ப மேல வருதுங்க.”

டெம்போவின் நடுவில் பச்சை நிறப் பீரோ நாலுபக்கக் கயிற்றில் நிமிர்ந்து நின்றது. ஆளுயரக் கண்ணாடி போகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும் என்று செவந்தி பிடிவாதமாகச் சொல்லிக் கட்டவைத்திருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அதற்குள் பலாமரமும் வெயிலும் ரோட்டோரம் கையசைக்கிற ஜனங்களும் வந்து வந்து போனார்கள். கடைசித் திருப்பத்தில் நாற்பது வீடும் ஒன்றாக அதற்குள் எழுந்தபோது, பக்கத்தில் நின்ற செவந்தி டெம்போவின் கூரையை இரண்டு கையாலும் தட்டினாள்.

“மெதுவாப் போப்பா. அது இப்பத்தான் ஊரைப் பாக்குது.”